வலது பக்க முன்சில்லு

முந்தாநாள் ஒட்டுசுட்டான் தாண்டி வரும்போது, எதிரே வந்த பேருந்துக்கு இடம் விட்டு என் பெறாமகன் வாகனத்தை ஓரத்தில் இறக்கினான். நல்ல மழை. இடது பக்கச் சில்லுகள் இரண்டும் கிரவல் வீதியை விட்டுச் சேற்றுக்குள் போயின. வாகனம் ஒரு பக்கம் சரிந்தது. நான் செபமாலையைத் தேடிக்கொண்டிருக்க, அடியில் எங்கோ 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம். அவனுக்கு முன்னால் இருந்த பலகையில் மஞ்சள் வெளிச்சமொன்று மினுங்கி அணைந்தது. அவ்வளவுதான், வாகனம் ஏறி வீதிக்கு வந்துவிட்டது.

"இது ஓல்வீல், சின்னம்மா. எந்தச் சில்லு வழுக்குதோ அதைத் தானே பிடிச்சு வைச்சுக்கொண்டு, மற்றதுக்கு இழுவையைக் குடுக்கும். நான் ஒண்டுமே செய்யேல்ல" என்றான். கனடாவில் பனிக்குள் ஓடிப் பழகியவன். லீவில் வந்து, கொழும்பில் வாகனத்தை வாடகைக்கு எடுத்து, என்னை ஊர் சுற்றிக் காட்டுகிறானாம், என் ஊரையே.

எனக்கு அவன்மேல் இல்லையடி, உன்மேல்தான் கோபம் வந்தது. அந்தச் சத்தம் செய்த வேலையை நீ காலால் செய்வாய். சில்லொன்று சேற்றில் சும்மா சுற்றத் தொடங்கினால், வலது காலால் அக்சிலேற்றரை மிதித்தபடியே இடது காலால் பிறேக்கை மெல்ல அமத்துவாய். சும்மா சுற்றுகிற சில்லுக்கு அது பாரம். பாரம் வந்ததும் இழுவை மற்றப் பக்கம் போகும். "இழுவை சரியான சோம்பேறி, மிசி. லேசான பக்கம்தான் ஓடும். அந்தப் பக்கத்தைக் கஷ்டமாக்கினாத்தான் வேலை செய்யிற பக்கம் வரும்" என்பாய். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கங்களில் பாதி எனக்கு மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

நீ நெடுங்கேணிக்காரி, தகப்பனின் உழவு இயந்திரத்தில் ஓடிப் பழகியவள். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கடலைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும் மதிக்காத வேதக்காரி. சமாதான காலத்தில், ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நடமாடும் மருத்துவக் குழுவொன்றில் எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டார்கள். நான் மருத்துவ மாது, ஊருக்கெல்லாம் 'மிசி'. நீ சாரதி. ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாள் "மிசி, இருங்கோ, கதவை இறுக்கிச் சாத்துங்கோ" என்று மரியாதையாகச் சொன்னாய். மரியாதை அந்தக் கிழமையோடு போய்விட்டது. 'மிசி' மட்டும் கடைசிவரை நின்றது.

குழுவுக்கு இரண்டு வாகனங்கள் இருந்தன. ஒன்று வெளிநாட்டு நிறுவனம் கொண்டுவந்த புது வாகனம். அதில் எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கும். மற்றது எங்கள் பழைய பிக்கப். அது சாதாரணமாகப் பின்சில்லு இரண்டில்தான் ஓடும். நாலும் வேண்டுமென்றால் இறங்கவேண்டும். முன்சில்லு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு மூடி இருக்கும், அதை நீ ஹப் என்பாய். இரண்டையும் கையால் திருப்பிப் பூட்டவேண்டும். பிறகு ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தடியை இழுக்கவேண்டும். மழைக்குள் இறங்கி இரண்டையும் திருகிவிட்டு, தெப்பமாக நனைந்து ஏறி, என் மடியில் கிடக்கும் துவாயைக் கேளாமல் எடுத்து முகம் துடைப்பாய். அந்தக் காலத்தில் என் துவாய்கள் எல்லாம் கிறீஸ் மணம்.

மாரியில் வன்னி வீதி எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிக்கப் வெளிக்கிடும்போதே பின்பக்கம் வாலாட்டும். புது வாகனம் ஆடாது. வேலையை நாலாகப் பங்கிடுவதால் எந்தச் சில்லுக்கும் தாங்காத பாரம் இல்லை. நான் அதை மெச்சினால் உனக்குப் பிடிக்காது. "உது வெளிக்கிடுறதுக்கும் ஏறுறதுக்கும்தான், மிசி. நிக்கிறதுக்கு இல்ல. பிறேக் எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லிலதான். உதை நம்பி மழைக்குள்ள பறக்கிறவன், மற்றவனை விடத் தூரத்தில போய் விழுவான்." அப்படி விழுந்த ஒன்றையும் காட்டினாய். புத்தம்புது வாகனம், மூக்கு வயலுக்குள். கடக்கும்போது கோர்ன் அடித்து வணக்கம் வைத்தாய். அதன் சாரதி வரம்பில் குந்தியிருந்து உன்னை ஏசியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, வன்னியை விட்டு வெளியே போகும் ஓமந்தைப் பாதை பூட்டப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் வீதி ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு வந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் ஓரிடத்தில் திரும்பவேண்டும், அந்த இடமும் மாதத்துக்கு மாதம் கிட்ட வந்தது. மருந்து குறைந்தது. டீசல் இல்லாமல் போய், பிக்கப் மண்ணெண்ணெயில் ஓடப் பழகியது. பற்றரி செத்ததால் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணவேண்டும். ஸ்ராட் ஆனாலும் கால் எடுத்தால் இருமிக்கொண்டு நின்றுவிடும். ஓடுகிற நேரமெல்லாம் அக்சிலேற்றரில் கால் இருக்கவேண்டும். பிரேதத்தை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நான் சொல்வேன். "என்ர பிள்ளையப் பிரேதம் எண்டாதை" என்று ஏசுவாய்.

இரண்டாயிரத்து எட்டில் வெளிநாட்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். புது வாகனத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க உன்னைத்தான் அனுப்பினார்கள். உள்ளூர்க்காரருக்கு வெளியே போகப் பாஸ் இல்லை. சாவடியில் வாகனத்தின் திறப்பைக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து திரும்பி வந்தாய். 

"என்னடி சொன்னவை?" என்று கேட்டேன். 

"நல்லா ஓடுறாய் எண்டு சொன்னவை" என்றாய். அன்று நீ சோற்றில் கை வைக்கவில்லை. நானும்தான். அடைபட்டுவிட்டோம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

வானத்தில் எந்நேரமும் வேவு விமானம் இரைந்துகொண்டிருந்தது. வண்டு என்போம். வெளியில் மினுங்குகிற எதையும் யாரும் வைத்திருக்கவில்லை. எல்லா வாகனங்களுக்கும் களிமண் பூசிக் குழை கட்டினார்கள். நீ எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே. களியையும் சாணத்தையும் குழைத்துக் கூரை, கதவு, கண்ணாடி விளிம்பு எல்லாம் பூசினாய். முன்சில்லுகளின் நடுவில் பளபளத்த ஹப் இரண்டையும் கூட விடவில்லை, குசினி மெழுகுவதுபோல் மெழுகினாய். "இப்ப வண்டு பாத்தா மாட்டுக்கொட்டில் எண்டு நினைக்கும்" என்று தள்ளி நின்று ரசித்தாய். வெயிலில் அது இறுகியது. மாரி வந்து மேலே இருந்ததைக் கழுவியது. இடுக்குக்குள் இறுகியதைக் கழுவவில்லை. அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அந்த மாரியில் மழை ஓயவேயில்லை. தறப்பாள் கொட்டில்களுக்குள் சனம் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஒருநாள் மத்தியானம், காட்டோரக் குடியிருப்பொன்றில் வனிதா என்ற பிள்ளைக்கு வலி கண்டுவிட்டது என்று சைக்கிளில் ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். வயிற்றுக்குள் பிள்ளை குறுக்காகக் கிடந்தது. எவ்வளவு முக்கினாலும் பிறக்காது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். பொழுதுபட முன்னம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரண்டு உயிர். பிந்தினால் ஒன்றுமில்லை. உன்னை வெளியே கூப்பிட்டு இதைச் சொன்னேன். நீ மறுபேச்சுப் பேசாமல் அயலாரைக் கூப்பிட்டுப் பிக்கப்பைத் தள்ளச் சொன்னாய்.

வனிதாவைப் பின் இருக்கையில் கிடத்தினோம். அவளின் தாய் தலைமாட்டில், நான் கால்மாட்டில். காட்டுப்பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலமில்லை, தாம்போதிதான். தண்ணீர் மேலால் பாயும்படி போட்ட கொங்கிறீற் தளம். அன்று தளமே தெரியவில்லை. மண்ணிறத் தண்ணீர் இடமிருந்து வலமாக இரைந்து பாய்ந்தது. சில்லுக்குக் கல் வைத்து, அக்சிலேற்றரில் என் கையை வைத்து அமத்தச் சொல்லிவிட்டு இறங்கினாய். தண்ணீருக்குள் நடந்து ஆழம் பார்த்தாய். வந்து இடது ஹப்பைத் திருகினாய், 'டக்' என்று விழுந்தது. வலது பக்கமும் திருகினாய். அதுவும் விழுந்துவிட்டதென்றுதான் நினைத்தாய்.

"போகலாம், மிசி. ஆடாமல் அசையாமல் போகவேணும்" என்றாய். 

"பிள்ளை உள்ளுக்குள்ள ஆடுதடி" என்றேன். 

"அதை நீ பார். தண்ணிய நான் பாக்கிறன்."

நன்றாகத்தான் போனாய். அவசரப்படாமல், கியர் மாற்றாமல், தண்ணீரை முன்னால் மெல்லத் தள்ளிக்கொண்டு போனாய். தளம் முடிகிற இடத்தில் வெள்ளம் பள்ளம் தோண்டி வைத்திருந்தது. முன்சில்லுகள் அதைக் கடந்து களிமண் மேட்டில் ஏறின. பின்சில்லுகள் இரண்டும் பள்ளத்துக்குள் விழுந்து சும்மா சுற்றின. நீ பிறேக்கை அமத்தி அமத்திப் பார்த்தாய். பிக்கப் முனகியதே தவிர அசையவில்லை. "இடது முன்சில்லு சுத்துதோ பார்" என்று கத்தினாய். தலையை நீட்டிப் பார்த்தேன். அசைவே இல்லை.

நீ ஸ்ரேறிங்கில் கையை வைத்தபடி எட்டி வலது பக்கச் சில்லைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "வலது ஹப் விழேல்ல. ஒரு பக்கம் பூட்டாமல் கிடந்தா, முன்னுக்குப் போற இழுவை முழுக்க அந்தப் பக்கத்தால வீணாய்ப் போகும். பூட்டின சில்லும் சும்மாதான் நிக்கும்." இருக்கைக்கு அடியிலிருந்து திருகாணித்தடியை எடுத்தபடி, "நான்தானே மெழுகினனான்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"மிசி, முன்னுக்கு வா. என்ர இடத்தில இரு."

"எனக்கு ஓடத் தெரியாதடி!"

"உன்னை ஆர் ஓடச் சொன்னது? காலை வை. புகைக்குழாய் தண்ணிக்குள்ள கிடக்கு. இஞ்சின் நிண்டா நாங்கள் எல்லாரும் இஞ்சதான்."

இருக்கைக்கு மேலால் ஏறி விழுந்து உன் இடத்துக்கு வந்தேன். என் இடது காலைப் பிடித்துக் கிளச்சில் வைத்தாய், வலது காலை அக்சிலேற்றரில் வைத்தாய். "நான் கதவில தட்டினா இடது காலை மெல்ல எடு. வலது கால எடுக்காத. என்ன நடந்தாலும் எடுக்காத. மேட்டுக்குப் போய், கிளச்சைத் திரும்ப அமத்தி, ஹான்பிறேக்கை இழுத்துப்போட்டு நில். அங்கயும் வலது கால எடுக்காத, தள்ளுறதுக்கு ஆக்கள் இல்ல." கதவைத் திறந்து தண்ணீருக்குள் இறங்கினாய். உன் இடுப்பளவுக்கு வந்தது.

நீ சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து, திருகாணித்தடியால் ஹப்பின் இடுக்கைக் குத்திக் கிளறினாய். யன்னலுக்குக் கீழே உன் முதுகு மட்டும் தெரிந்தது. தண்ணீர் கதவிடுக்கால் வந்து என் கணுக்காலைத் தொட்டது. பின்னால் வனிதா கத்துகிறாள். நான் திரும்பாமலே "முக்காதை பிள்ளை, மூச்சை ஊது, முக்காதை" என்று கத்துகிறேன். முன்னால் ஏற முடியாத மேடு. பின்னால் ஆறு. மேலே வண்டு. முதுகுக்குப் பின்னால், வெளியே வர வழி தெரியாத ஒரு பிள்ளை. நான் இரண்டு காலும் கட்டுப்பட்டு உன் கதிரையில் இருந்தேன். கடலில் புயலுக்குள் அகப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதிலெல்லாம் யாராவது துடுப்பாவது வலிப்பார்கள். எனக்கு அதுகூட இல்லை.

"உன்ர மாதா என்ன சொல்லுறா, மிசி?" என்று கீழேயிருந்து கேட்டாய். 

"வாயைப் பொத்திக்கொண்டு வேலையப் பாரடி எண்டு சொல்லுறா!" 

நீ சிரித்தது கேட்டது. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் கேட்டது.

கதவில் தட்டினாய்.

இடது காலை எடுத்தேன். மெல்ல எடுத்தேனோ தெரியாது. முன்பக்கத்தை யாரோ கைபோட்டு இழுத்ததுபோல் பிக்கப் ஒரு குலுக்குக் குலுக்கி எழும்பியது. களிமண்ணைக் கிழித்துக்கொண்டு ஏறியது. முன்சில்லு இழுக்க, பின்சில்லு பள்ளத்தை விட்டு வெளியே வர, நாலும் சேர்ந்து மேட்டில் கொண்டுவந்து விட்டன. கிளச்சை அமத்தி ஹான்பிறேக்கை இழுத்தேன். வென்றுவிட்டோம் என்று கத்தத்தான் யன்னலால் தலையை நீட்டினேன்.

நீ அங்கே இல்லை.

வனிதாவின் தாய்தான் கண்டவ. "கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, மிசி. வாகனம் எழும்பேக்க கை விட்டிட்டா. தண்ணி கொண்டுபோட்டுது" என்றா. ஆறு அந்தப் பக்கமாகத்தான் பாய்ந்தது. நீ நின்ற பக்கம், வலது பக்கம்.

உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என்னால் இறங்க முடியவில்லை. காலை எடுத்தால் இஞ்சின் நிற்கும். நின்றால் அந்தக் காட்டுக்குள் தள்ளுவதற்கு ஒரு கிழவியும் நானும். தாய் இறங்கிக் கரையோடு ஓடினா. பற்றையைப் பிடித்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டா. திரும்பி வந்து, "காணேல்லப் பிள்ளை" என்று அழுதா. போவோம் என்று அவ சொல்லவில்லை. உள்ளே கிடப்பது பெற்ற மகள், அப்படியிருந்தும் சொல்லவில்லை. ஏறியிருந்து கதவைச் சாத்தினா. அவ்வளவுதான்.

நான் போனேன்.

நீ போட்டுவிட்ட அதே கியரில்தான் போனேன், எனக்கு வேறு தெரியாது. நடக்கிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஹப்பைத் திரும்பத் திறக்கவேண்டும் என்பதும் தெரியாது. தார் வீதியில் ஒவ்வொரு வளைவிலும் ஸ்ரேறிங் என்னோடு மல்லுக்கட்டியது. முன்னும் பின்னும் பூட்டுண்டு கிடந்த சில்லுகள் வளைய மறுத்தன. மழைத் தண்ணீர் இருந்ததால்தான் வழுக்கி வழுக்கியாவது வளைந்தன. ஆஸ்பத்திரிப் படலையில் பிறேக்கை மிதித்தேன். நாலு சில்லும் வழுக்கிக்கொண்டு போக, பிக்கப் மதிலில் முட்டி நின்றது. நிக்கிறதுக்கு இல்ல என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இஞ்சின் நின்றது. யாரோ வந்து என் வலது காலைக் கையால் பிடித்து எடுத்துவிட்டார்கள்.

பெண் பிள்ளை. இரண்டு உயிரும் தப்பின.

உன்னை அடுத்த நாள் அந்தக் குடியிருப்புச் சனம் மருத மரத்து வேரில் கண்டெடுத்தது. ஆற்றங்கரையிலேயே புதைத்தார்களாம். நான் போக வெளிக்கிட முன்னம் அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கிவிட்டது. சனமெல்லாம் இடம்பெயர்ந்தது, வீதி பூட்டுண்டது. பிறகு நாங்கள் போன வழியும் முடிந்த இடமும் நீ காணாதவை, அதை நான் சொல்லப் போவதில்லை. முகாமுக்குப் போய், விடுபட்டு, திரும்பி வந்து ஆற்றைத் தேடிப் போனேன். இப்போது பாலம் போட்டிருக்கிறார்கள். உன்னைப் புதைத்தவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. மருத மரங்கள் நிறைய நின்றன. எதற்கு மெழுகுதிரி கொளுத்துவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

வனிதா ஒவ்வொரு வருசமும் நத்தார்ப் பண்டிகைக்கு ரெலிபோன் எடுப்பாள். மகள் வளர்ந்துவிட்டாள், நன்றாகப் படிக்கிறாளாம். வாகனத்தில் ஏறினால் மட்டும் சத்தி எடுப்பாளாம். உன்னை அவமானப்படுத்தவென்றே பிறந்தவள்.

உன் கதை தெரிந்த சிலர், "உன்னில பிழை இல்ல" என்று ஆறுதல் சொல்லுவார்கள். அது எனக்குத் தெரியாதா? நான் பிழை ஒன்றும் செய்யவில்லை. நீ சொன்னதைத்தான் செய்தேன். இன்றைக்கு அந்த மேட்டில் கொண்டுபோய் விட்டாலும் அதைத்தான் செய்வேன். பிழை செய்திருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்து, பங்குச் சுவாமி தந்த அபராதத்தைச் செபித்து எப்போதோ முடித்திருப்பேன். சரியாகச் செய்ததை எந்தச் சுவாமியிடம் போய்ச் சொல்லி இறக்கி வைப்பது? இதிலிருந்து வெளியே வர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, தேடுவதையும் விட்டுவிட்டேன்.

மழைக்குள் யாருடைய வாகனத்தில் போனாலும், என் வலது கால் தன்பாட்டில் தரையை அமத்தத் தொடங்கிவிடும். பேருந்திலும் அப்படித்தான், முச்சக்கர வண்டியிலும் அப்படித்தான். இறங்கும்போது தொடை விறைத்துப்போயிருக்கும். கண்டவர்கள், கிழவி பயத்தில் பிறேக் பிடிக்கிறா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிறேக் இல்லையடி. நான் இன்னும் கால எடுக்கேல்ல.